திரை மட்டும் கறுத்தபோது

என் கணினிக்குள் பல்லி முட்டைகள் இருந்தன. இரண்டு. ஒன்று முழுசாக, இன்னொன்று பொரிந்து போன வெறும் ஓடாக. மின்விசிறிக்குப் பக்கத்தில், கம்பிகள் கொத்தாக வளைந்து போகும் இடத்தில், சாம்பல் நிறப் பஞ்சு போல் படிந்திருந்த தூசியின்மேல் பத்திரமாகக் கிடந்தன. ஏழு வருடமாக என் காலடியில் இருந்த பெட்டி அது. அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்து, மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் அதன் முன்னால் உட்காராத நாள் குறைவு. அதற்குள் ஒரு பல்லி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

"என்னாது அது?" என்று சோபாவிலிருந்தே கேட்டார் என் கணவர்.

"பல்லி முட்டை."

"எங்க, காட்டு."

"அங்கயே உக்காருங்க. கிட்ட வரக்கூடாதுன்னு சொன்னேன்ல."

அவர் எங்கள் கிள்ளான் வீட்டுக்குப் பக்கத்தில், மேரு என்ற ஊரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். வீட்டில் எது கெட்டாலும் முதலில் அவர் கைதான் உள்ளே போகும். சோறு ஆக்கும் குக்கர், குளியலறை ஹீட்டர், தானாகத் திறக்கும் கேட். இருபத்திரண்டு வருடமாக நான் பின்னால் நின்று டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு பெட்டியை நானே திறப்பேன், நானே மூடுவேன் என்று அன்று காலையிலேயே சொல்லிவிட்டேன். அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவருடைய கால் மட்டும் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

நான் மொழிபெயர்ப்பாளர். நகரத்துக்குள், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில், நான்கு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் சின்ன அலுவலகம் எங்களுடையது. பிறப்புப் பத்திரம், நீதிமன்றக் கடிதம், மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் காகிதம், தொலைக்காட்சி நாடகங்களுக்கு அடியில் ஓடும் வசனம் என்று வந்ததையெல்லாம் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றுக்குள்ளும் மாற்றி மாற்றி எழுதுவோம். ஒரு நாள் முதலாளியம்மா மாடியைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்தார். "எல்லாரும் வீட்டுலருந்தே செய்ங்க லா. வேலையை நான் அனுப்பிடுறேன்" என்றார். அங்கிருந்த சாமான்களை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் ஒருத்தி தண்ணீர் வடிகட்டியை எடுத்தாள், இன்னொருத்தி அலமாரியை. நான் என் உயர முதுகு வைத்த சக்கர நாற்காலியை எடுத்தேன். கணவருடைய நண்பரின் வேனில் ஏற்றி கிள்ளானுக்குக் கொண்டுவந்தோம்.

வீட்டிலேயே முழு நேரம் வேலை என்றானபின் என் பழைய கணினியின் வேகம் பொறுக்க முடியாததாகிவிட்டது. காலையில் அதைத் தட்டிவிட்டுப் போய்க் கோப்பி கலக்கிக் குடித்துக் கோப்பையைக் கழுவிவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். நாடகத்தில் ஆள் அழத் தொடங்கியபின் ஐந்து விநாடி கழித்துத்தான் அழுகைச் சத்தம் வரும். அதே வாரம் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய், மோனோரயில் தூண்களை ஒட்டிய வரிசையில் இரண்டாம் மாடியிலிருக்கும் கணினிக் கடையில் ஏறினேன்.

கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார். எல்லாரும் அவரை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். என் கணினியின் விவரத்தைக் கேட்டுவிட்டு மூன்று சாமான்கள் போதும் என்றார். சுழலும் பழைய டிஸ்குக்குப் பதிலாக, மென்பொருளை அவரே ஏற்றித் தரும் சுழலாத புது டிஸ்க், கொஞ்சம் கூடுதல் ராம் நினைவகம், படம் திக்காமல் ஓட ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கார்டு.

"பெட்டியைக் கொண்டாந்து விட்டுட்டுப் போங்கக்கா. நாளைக்கு எடுத்துக்கலாம்."

"இல்ல பாஸ். நானே மாட்டிப் பாக்குறேன்."

"முன்ன மாட்டியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்?"

"உள்ள எப்படி இருக்கும்னு பாக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. மேசைக்கடியிலிருந்து ஒரு செத்துப்போன மதர்போர்டை எடுத்து வைத்து, எது எங்கே போகும் என்று விரலால் காட்டினார். "காது குடுத்துக் கேளுங்க. 'க்ளிக்'னு கேக்குற வரைக்கும் அழுத்துங்க. பயந்து பயந்து அழுத்துனா பாதிதான் உள்ள போகும்." சாமான்களைத் தொடுமுன் பெட்டியின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் இறங்கிவிடுமாம். கொமியூட்டர் ரயிலில் மூன்று சின்னப் பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு கிள்ளான் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் அந்தக் 'க்ளிக்' எப்படிக் கேட்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மேசையில் பெட்டியைச் சாய்த்துப் படுக்க வைத்தேன். கழற்றிய திருகுகள் கலந்துவிடக் கூடாது என்று இட்லித் தட்டை எடுத்துக் குழிக்கு ஒன்றாக வைத்தேன். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தூசியைத் தள்ளியபோது ஊதுபத்தி வாசம் வந்தது. சாமி மேடை பக்கத்திலேயே இருப்பதால் ஏழு வருடப் புகையையும் இந்தப் பெட்டி இழுத்து வைத்திருந்தது. பல்லி முட்டைகளைக் காகிதத்தில் ஏந்தித் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தேன். ராம் உள்ளே போனபோது இரண்டு பக்கமும் 'க்ளிக்' கேட்டது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவை கழற்றி மாட்டினேன்.

எல்லாம் முடித்து, கம்பிகளைச் சொருகி, சுவிட்சைத் தட்டினேன். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றுமே இல்லை.

"நான் வரட்டா?" என்றார் கணவர்.

"வேணாம்."

கால் மணி நேரம் தேடினேன். கடைசியில் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால், திரைக்குப் போகும் கேபிளைப் பழக்க தோஷத்தில் பழைய துளையிலேயே சொருகியிருந்தேன். புதுக் கார்டுக்குத் தனித் துளை, கொஞ்சம் கீழே. மாற்றியதும் படம் வந்தது. பன்னிரண்டு விநாடியில் கணினி தயாராகிவிட்டது. அன்று சாயங்காலம் வரை காரணமே இல்லாமல் அதை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் திரை கறுத்தது. வாசலில் தபால்காரரின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால், எதிரே கறுப்பு. மவுஸை ஆட்டினேன், விசைப்பலகையைத் தட்டினேன். கணினி செத்துவிட்டது என்று நினைத்து சுவிட்சை அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி போட்டேன். வந்தது. ஆனால் சேமிக்காமல் வைத்திருந்த ஒரு பக்க மொழிபெயர்ப்பு போய்விட்டது. மறுநாள் இரண்டு தடவை. அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரே மதியத்தில் மூன்று தடவை.

கணவர் தொழிற்சாலையில் தினமும் கேட்கும் கேள்வியைத்தான் என்னிடமும் கேட்டார். "கடைசியா என்ன மாத்துனே?"

"டிஸ்க், ராம், கார்டு."

"அப்ப அதுல ஒண்ணுதான். ஒண்ணொண்ணா கழட்டிப் பாரு."

அப்படியே செய்தேன். புது ராமை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டினேன், கறுத்தது. கார்டைக் கழற்றிப் பழைய துளையிலேயே கேபிளை மாட்டினேன், அப்போதும் கறுத்தது. பழைய டிஸ்கைக்கூடத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எல்லாப் புதுச் சாமானும் மேசைமேல் வரிசையாகக் கிடக்க, பழையபடியே இருந்த கணினி புதிதாக வந்த வியாதியோடு நின்றது. சாமான்களில் கோளாறு இல்லையென்றால் திறந்த கையில்தான் கோளாறு. இரும்பைத் தொட மறந்துவிட்டேனோ, பிரஷ்ஷால் எதையாவது கீறிவிட்டேனோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஏழு வருடம் பல்லியோடு நன்றாக இருந்ததை, வெறும் ஆசையில் திறந்து கெடுத்துவிட்டேன் என்றே தோன்றியது. கணவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவருக்கு ஒரு வேலை மட்டும் கொடுத்தேன். மீட்டரைக் கொண்டுவந்து சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை அளந்தார். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. ஏர்கோனை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னார், துணி துவைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொன்னார். எதற்கும் திரை அடங்கவில்லை. பக்கத்து வீட்டு ஆன்டி வேலி வழியாக விசாரித்துவிட்டு, "கண்ணு பட்டிருக்கும் லா. வீட்டுலருந்தே சம்பாதிக்கிறேன்னு ஊரெல்லாம் சொன்னே" என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார். அதையும் பெட்டிமேல் வைத்தேன்.

பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினேன். தேதி, நேரம், அப்போது என்ன வேலை ஓடியது, வெயிலா மழையா, குறிப்பு. 'எலுமிச்சம்பழம் வைத்தபின்: இரண்டு தடவை' என்றும் எழுதினேன். கோபம் குறைந்து, அடுத்தது எப்போது என்று காத்திருக்கும் ஒரு விசித்திரமான ஆர்வம் வந்துவிட்டது. ஒரு காலை முழுக்க அது கறுக்கவில்லை என்றால் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கடைசியில் புதுச் சாமான்களையெல்லாம் திரும்ப உள்ளே மாட்டி, பெட்டியைக் காரில் வைத்து பிரிக்பீல்ட்ஸுக்கே கொண்டுபோனோம். கார் நிறுத்த இடம் இல்லாததால் கணவர் வட்டமடித்துக்கொண்டிருக்க, நான் இரண்டு மாடி தூக்கிக்கொண்டு ஏறினேன். பாஸ் மூன்று நாள் அதைத் தன் மேசையில் ஓட்டிப் பார்த்தார். நாள் முழுக்கப் படம் ஓட்டினாராம், சூடேற்றிப் பார்த்தாராம், இடையில் தட்டியும் பார்த்தாராம்.

"ஒண்ணுமே இல்லக்கா. உங்க கம்ப்யூட்டர் என்னைவிட நல்லா இருக்கு."

"நான் மாட்டுனதுல தப்பு ஏதாச்சும்?"

"சுத்தமா மாட்டியிருக்கீங்க. நானா இருந்தா இவ்ளோ தூசு தட்டியிருக்க மாட்டேன்."

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி, மேசையைச் சுற்றிக் கிடந்த காகிதங்களை அடுக்கி, உட்கார்ந்து பத்து நிமிடம் வேலை பார்த்தேன். அடுப்பில் குக்கர் விசிலடித்தது. அணைத்துவிட்டு வந்தேன். கறுப்பு.

வாரத்தில் ஒரு நாள் மதியம் நான் வீடியோவில் மொழிபெயர்ப்பேன். காப்பார் என்ற ஊரில் ஒரு சிறு கிளினிக்கில் டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அங்கே வரும் வயதானவர்கள் சந்தையில் பேசும் பாசார் மலாயில் மீன் வாங்குவார்கள், பஸ் கேட்பார்கள். உடம்புக்குள் நடப்பதைச் சொல்ல அந்த மலாய் அவர்களுக்குப் போதாது. டாக்டரும் அவர்களும் ஒரு திரை முன்னால் உட்கார, நான் இங்கிருந்து இருவருக்கும் இடையில் பேசுவேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் எனக்கு உண்மையான பயம். நோட்டில் அதுவரை பதினேழு வரிகள் சேர்ந்திருந்தன. நல்லவேளையாக ஒன்றுகூட கிளினிக் நேரத்தில் இல்லை.

அன்று எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த ஓர் அம்மா வந்திருந்தார். பேச்சு நடுவில் மழை பிடித்துக்கொண்டது. என் பக்கத்து ஜன்னல் வழியாகச் சாரல் மேசைமேல் அடிக்கவே, "ஒரு நிமிஷம்" என்று சொல்லி எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். திரும்பினால் திரை கறுத்திருந்தது.

சுவிட்சை நோக்கிக் கை போனது. அப்போது ஸ்பீக்கரிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

"இந்தக் கையி மதமதன்னு இருக்கும்மா. சட்டியைத் தூக்குனா நழுவுது."

கையை இழுத்துக்கொண்டேன். டாக்டர் மலாயில் ஏதோ கேட்டார், அதுவும் தெளிவாகக் கேட்டது. நான் பதில் சொன்னேன், அவர்களுக்கு என் குரல் போயிற்று. படம்தான் இல்லை. வழக்கமாக அந்த அம்மாக்கள் கையைக் காட்டுவார்கள், நான் பார்த்துச் சொல்லிவிடுவேன். இப்போது பார்க்க முடியாது.

"எந்தக் கைம்மா? எனக்கு உங்க படம் தெரியல. வாயால சொல்லுங்க."

"சோத்துக் கையி."

"முழுக் கையுமா, விரல் மட்டுமா?"

"பெருவிரலு, அதுக்குப் பக்கத்து ரெண்டு. சுண்டுவிரலு நல்லாத்தான் இருக்கு" என்றார். தானே அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தவர் போல இருந்தது அந்தக் குரல். நான் அதை டாக்டருக்குச் சொன்னேன். அவர், "சுண்டுவிரலில் இல்லையா? நிச்சயமாகக் கேளுங்கள்" என்றார். கேட்டேன். இல்லை. அது முக்கியமான விஷயம் போலிருக்கிறது. மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதைப் பற்றி டாக்டர் விளக்கத் தொடங்கினார். கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே நான் மொழிபெயர்த்தேன். பாதியில், நான் எதையும் தொடாமலே, திரை தானாக வெளிச்சமானது. அந்த அம்மா தன் வலக்கையை விளக்குக்கு நேராகப் பிடித்து, விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழைப்பு முடிந்தபின்தான் புரிந்தது. கணினி சாகவே இல்லை. சாகாத ஒன்றைத்தான் அத்தனை தடவையும் நான் கழுத்தைப் பிடித்து அணைத்திருக்கிறேன். உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் சும்மா விட்டிருந்தால் தானே வந்திருக்கும். அப்படியென்றால் கோளாறு பெட்டிக்குள் இல்லை. பெட்டிக்கும் திரைக்கும் நடுவில் எங்கேயோ.

நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தேன். நேரங்களில் ஒழுங்கு இல்லை. மழையிலும் நடந்தது, வெயிலிலும் நடந்தது. எந்த வேலையிலும் நடந்தது. கடைசியில் 'குறிப்பு' என்ற இடத்துக்கு வந்தேன். நான் அதிகம் யோசிக்காமல் கிறுக்கி வைத்தவை அவை. தபால்காரர். குக்கர். துணி எடுக்கப் போனேன். ஆன்டி கூப்பிட்டார். மறுபடி குக்கர். அலமாரியில் அகராதி. ஒவ்வொரு வரியிலும் நான் எழுந்திருக்கிறேன். எழுந்தேன் என்று எங்குமே எழுதவில்லை.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி எழுந்தேன். ஒன்றுமில்லை. மறுபடி உட்கார்ந்து எழுந்தேன். ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை, என் கண் முன்னால், திரை ஒரு வெட்டு வெட்டிக் கறுத்தது.

காலை ஷிஃப்ட் முடிந்து கணவர் வந்ததும், செருப்பைக் கழற்றும்போதே, "இங்க வந்து உக்காருங்க" என்றேன்.

"தொடக்கூடாதுன்னே."

"கம்ப்யூட்டரைத் தொடாதீங்க. நாற்காலில உக்காந்து எழுந்திரிங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தார், எழுந்தார். கறுத்தது. அவர் என்னைவிடக் கனமானவர். பத்து தடவை உட்கார்ந்து எழச் சொன்னேன், எட்டுத் தடவை கறுத்தது. சாப்பாட்டு மேசையின் மர நாற்காலியைப் போட்டுப் பத்து தடவை. ஒன்றுகூட இல்லை. பிறகு சக்கர நாற்காலியை மேசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்துப் பார்த்தோம். ஒரு முழம் தள்ளியும் கறுத்தது. இரண்டு முழத்தில் எப்போதாவது. கதவோரம் போனபின் நின்றுவிட்டது. அவர் வியர்த்துப் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் நான் சொல்லச் சொல்ல அவர் இவ்வளவு தடவை உட்கார்ந்து எழுந்தது அன்றுதான்.

"கடைசியா என்ன மாத்துனேன்னு கேட்டேன்ல" என்றார்.

அந்த வாரம் கணினி மேசைக்கு இரண்டு விஷயம் வந்திருந்தது: புதுச் சாமான்களும், அதுவரை ஹாலில் கிடந்து அவற்றை மாட்டிய அன்றுதான் மேசைமுன் வந்த நாற்காலியும். நான் ஒன்றைத்தான் எண்ணினேன். நாற்காலியைக் கணினியோடு சேர்த்து எண்ண வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அவர் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, உயரத்தை ஏற்றி இறக்கும் இரும்புக் குழாயைத் தட்டிப் பார்த்தார். "ஃபேக்டரில ஒரு மூலையில வெல்டிங் அடிச்சா, அடுத்த லைன்ல சென்சார் பைத்தியம் புடிச்ச மாதிரி ஆடும். இதுவும் அப்படித்தான் இருக்கும். நீ எழுந்திரிக்கிறப்போ இந்தக் குழாய்ல கண்ணுக்குத் தெரியாம ஒரு பொறி. பக்கத்துல போற கேபிள் அதை இழுத்துக்குது." திரைக்குப் போகும் கேபிளைத் தூக்கிப் பிடித்தார். திரை வாங்கியபோது பெட்டிக்குள்ளேயே இலவசமாக வந்தது, பூக்கட்டும் நூல் மாதிரி மெல்லியது. நான் இணையத்தில் தேடினேன். உலகத்தின் ஏதேதோ மூலைகளில் ஆட்கள் இதே கதையை எழுதியிருந்தார்கள். எல்லாரும் முதல் வரியில், 'நம்பமாட்டீர்கள், ஆனால்' என்றே தொடங்கியிருந்தார்கள்.

மறுநாள் பாஸுக்குப் போன் செய்தேன்.

"பாஸ், கண்டுபுடிச்சிட்டேன். நாற்காலி."

அவர் பின்னால் மோனோரயில் இரைந்துகொண்டு போனது.

"நாற்காலியாக்கா?"

"நான் எழுந்திரிச்சா ஸ்கிரீன் கறுக்குது."

"ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மோட்டாரிலேயே கிள்ளானுக்கு வந்துவிட்டார். பையில் நான்கு விதமான கேபிள்கள். கோப்பி கூடக் குடிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார். ஐந்தாவது தடவை கறுத்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்வது. "பதினஞ்சு வருஷமா இந்த வேலை பாக்குறேன்" என்றார். கேபிள்களை ஒவ்வொன்றாக மாற்றினார். மெல்லியவை இரண்டிலும் திரை கறுத்தது. உள்ளே உலோக வலை சுற்றிய தடித்த கேபிளை மாட்டியதும் நின்றது. அவர் இருபது தடவை எழுந்தார், என் கணவர் இருபது தடவை எழுந்தார். படம் அசையவில்லை.

"தப்பு எம்மேலயும் இருக்குக்கா" என்றார் பாஸ். "நான் பெட்டியை மட்டும்தானே கொண்டாங்கன்னேன். என் கடையில என் கேபிள், என் ஸ்கிரீன். நான் உக்காந்திருக்கிறது பிளாஸ்டிக் முக்காலி. அங்க எப்படி வரும்?"

"நானும் நாற்காலியைச் சொல்லலியே."

"யாரு சொல்லுவா?"

அன்று மாட்டிய கேபிள்தான் இன்றும் இருக்கிறது. நாற்காலியையும் நான் விடவில்லை. இடுப்புக்கு அதைப் போல் வேறொன்று கிடைக்காது. கிளினிக் நேரத்தில் படம் நன்றாகத் தெரிகிறது. தெரிந்தாலும், எந்தக் கை, எந்த விரல் என்று வாயால் சொல்லவைத்துத்தான் இப்போதெல்லாம் டாக்டருக்குச் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களோடு சாப்பிட்டுவிட்டு பாஸ் கிளம்பினார். பையை மாட்டி, மோட்டாரைத் திருப்பி நிறுத்தி, ஹெல்மெட்டைத் தலையில் வைத்தவர் வாரைப் பூட்டாமல் அப்படியே நின்றார்.

"அக்கா, அது எழுந்திரிக்கும்போது மட்டும்தான் கறுக்குதா, உக்காரும்போதும் கறுக்குதா?"

நானும் கணவரும் உட்கார்ந்து எழுவதை ஒன்றாகவேதான் எண்ணியிருந்தோம். நோட்டிலும் அது இல்லை, நான் திரும்பி வந்து உட்காருமுன்பே திரை கறுத்திருக்கும்.

"தெரியல பாஸ்."

அவர் மோட்டாரை அணைத்தார். ஹெல்மெட்டைக் கேட்டின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு எங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்தார். நான் பழைய மெல்லிய கேபிளைத் தேடி எடுத்து மறுபடி மாட்டினேன். கணவர் நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் 'உட்கார', இன்னொரு பக்கம் 'எழ' என்று எழுதிக்கொண்டிருந்தார்.